நெவேனாவைக் கூப்பிட்ட கற்கள்

இரண்டு வயது முடிந்ததிலிருந்து நெவேனாவின் பெயரை யார் கூப்பிட்டாலும், அது அவளை எட்டாமல் பாதி வழியிலேயே கூழாங்கல்லாகிக் கீழே விழுந்தது. லோம் நகரில், டான்யூப் கரையில், இரண்டாம் மாடியில் குடியிருந்த அவள் அம்மா மில்கா காலையும் மாலையும் கற்களைக் கூட்டி அள்ளிப் பால்கனியில் சேர்த்தாள். கீழ்வீட்டு பெட்கோ, "ஏம்மா, மேல என்ன கல் குவாரியா நடத்துற?" என்று கேட்டதோடு சரி.

நெவேனாவுக்கு டவுன் சின்ட்ரோம் என்பது பிறந்த வாரமே தெரியும். அந்தப் பிள்ளைகள் பாசக்காரர்கள், யாரைக் கண்டாலும் கட்டிக்கொள்வார்கள் என்பது ஊரின் முடிவு. இவளோ யார் முகத்தையும் பார்க்கவில்லை. காது சோதித்தார்கள், பழுதில்லை. மாவட்ட மருத்துவர் கையை விரித்துவிட்டார்: "ஏற்கெனவே ஒரு நோய்ப் பேரு எழுதிக் குடுத்தாச்சு, இன்னொண்ணு எதுக்கு? எல்லாம் அந்தக் குரோமோசோம் பண்ற வேலைதான்." மாமியார் அவ்வளவு மென்மையாகச் சொல்லவில்லை. "பெத்தவ ஆசையாக் கூப்பிட்டா எந்தப் புள்ளதான் திரும்பாது?" பாவி மில்கா அதை நம்பிவிட்டாள். தன் அன்பில்தான் ஓட்டை என்று நினைத்து இன்னும் அதிகமாகக் கூப்பிட்டாள். பால்கனி தாழ்ந்தது.

நெவேனாவின் ஆறாம் வயதில் ஒரு குருத்தோலை ஞாயிறு. நெவேனா என்பதும் ஒரு பூதான்; பூப்பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் அன்று, பிறந்தநாள்போல் கொண்டாடும் பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, தாமாகவே வருவார்கள். நாற்பது பேர் வந்து, ஆளுக்கொரு முறை பெயர் சொல்லி வாழ்த்தினார்கள். "நெவேனா, மாமாவுக்கு ஒரு முத்தம்!" ஆலங்கட்டி மழைபோல் கல் கொட்டியது. பிள்ளை மேசைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு தன் கையையே கடித்துக்கொண்டிருந்தாள். மில்கா நாற்பது பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பெயர்நாளில் கதவடைத்தவள் என்ற பேச்சு அவளுக்கு நிலைத்தது.

ஒன்பதாம் வயதில் மகளைத் தலைநகர் சோபியாவுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கஞ்சேவா இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து நெவேனாவுடன் விளையாடினாள். பின்னாலிருந்து ஐந்து முறை கூப்பிட்டாள், ஐந்து கற்கள் விழுந்தன, குறித்துக்கொண்டாள்.

"டவுனும் இருக்கு, ஆட்டிசமும் இருக்கும்மா. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வராதுன்னு யார் சொன்னது?"

"அப்போ... என் பாசத்துல குறையில்லையா டாக்டர்?"

"இல்லவே இல்ல. இதை உனக்கு எப்பவோ சொல்லியிருக்கணும்."

டாக்டர் எழுதிக்கொடுத்த சான்றிதழால் பள்ளியில் தனி ஆசிரியை கிடைத்தாள். கூப்பிடாமல், படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். மில்காவும் கூப்பிடுவதை விட்டாள். நான்காம் மாதம் ஒரு மதியம் நெவேனா ரொட்டிப் படத்தை எடுத்துவந்து அம்மாவின் கையில் வைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் பொருள் அது. மில்கா ரொட்டியைப் பிட்டுக் கொடுத்துவிட்டு, சமையலறைச் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். ஐயோ, இத்தனை வருஷம் எத்தனை நாள் பசியைச் சொல்ல வழியில்லாமல் கிடந்திருக்கும் இந்தப் பிள்ளை!

அடுத்த வாரம் மில்கா சொல்லியனுப்ப, நகராட்சி லாரி வந்து, நாலு நடையில் பால்கனிக் கற்களை அள்ளிப்போய் ஆற்றங்கரையில் கொட்டியது. அவை எங்கிருந்து வந்தவை என்று டிரைவர் கேட்கவில்லை.