ஒன்பதாவது வார்டு அறிவிப்பு

"பேகம் மாமி மௌத்தாகிப் பதினோரு நாளாச்சே, நாளைக்குத் தண்ணி வராதுன்னு மாமிக்கு எப்படிக்கா தெரியும்?" என்று இரண்டாம் வகுப்புப் படிக்கும் மிஸ்பா குப்பை வண்டியை மறித்துக் கேட்ட பிறகுதான், இறந்துபோன கவுன்சிலர் நாள் தவறாமல் அறிவிப்புச் செய்துகொண்டிருப்பதைச் செங்கரட்டுப்பட்டி பேரூராட்சி ஒன்பதாவது வார்டு மக்கள் கவனித்தார்கள். காலை ஆறே முக்காலுக்கு பேட்டரி வண்டி வரும், ஒலிபெருக்கியில் அக்தர் பேகத்தின் குரல் வரும், அதைக் கேட்டுக்கொண்டே பல் துலக்குவது என்று பழகிவிட்ட ஊர். துக்கத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை. வண்டியை ஓட்டும் மகாலட்சுமி சிறுமியின் கையிலிருந்த வாளியை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கென்னத்தா தெரியும், நான் வண்டி ஓட்டுறவ. நீ காய்கறித் தோல எதுக்குப் பாலித்தீனோட கொண்டாந்த?" என்றாள். மறுநாள் தண்ணீர் வரவில்லை. அனுமந்தன்பட்டிப் பக்கம் பெரிய குழாய் உடைந்திருந்தது. உடைந்தது முந்தின நாள் சாயங்காலம். அறிவிப்பு வந்தது அதே நாள் காலையில்.

அக்தர் பேகம் கவுன்சிலராக இருந்தது இரண்டு வருடமும் எட்டு மாதமும். மன்றத்தில் என்ன பேசினார்கள், எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்பதையெல்லாம் அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். அதைப் பலகைக்குப் பின்னால் கட்டிக் கிடக்கும் ஆடு தவிர யாரும் நெருங்கிப் பார்த்ததில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள், அவர்களும் காலை வணக்கம் சொல்லிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே பேகம், மக்கும் குப்பை மக்காத குப்பைப் பாட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, முந்தைய நாள் சாயங்காலமே தன் குரலில் பதிந்து கொடுத்துவிடுவார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நடக்காததை முதலில் சொல்வார், நடந்ததைக் கடைசியில் சொல்வார். பேரூராட்சித் தலைவர் அய்யாத்துரைக்கு இது பிடிக்கவில்லை. "என்னத்தா இது, நம்ம மானத்த நம்மளே வண்டியில ஏத்தி விடுறதா?" என்றார். "நடந்தத அவுக கண்ணால பாத்துக்கிருவாகண்ணே. நடக்காததத்தான் நாம சொல்லணும்" என்றார் பேகம். ஐப்பசி மழையில் சாக்கடை நிரம்பிய வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தவர், ஈரச் சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு வார்டு முழுக்க வந்தது. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அந்த நாற்காலியைப் பற்றியோ அடக்கத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லாமல், ஓடைக்கரையில் இரண்டு விளக்குகள் எரியவில்லை என்ற அறிவிப்பு வந்தது.

மிஸ்பாவின் கேள்விக்குப் பிறகு செயல் அலுவலர் வண்டியைச் சோதித்தார். மெமரி கார்டைக் கழற்றினார்கள், குரல் வந்தது. வயரைத் துண்டித்தார்கள், வந்தது. ஒலிபெருக்கியைக் கழற்றி அலுவலகத்தில் வைத்துப் பூட்டினார்கள். அன்று குரல் பச்சைத் தொட்டியிலிருந்து, வாழைத்தோலுக்கும் முருங்கைக் குச்சிகளுக்கும் அடியிலிருந்து, சற்றுக் கம்மலாக வந்தது. அது மரியாதைக் குறைவு என்று பெண்கள் சத்தம் போட்டதால் ஒலிபெருக்கியைத் திரும்ப மாட்டினார்கள். மார்கழி மாத மன்றக் கூட்டத்தில், கொசு மருந்துக்கும் பேருந்து நிலையக் கழிப்பறைக்கும் நடுவில், இது ஒரு பொருளாக வைக்கப்பட்டு ஏகமனதாகப் பதிவு செய்யப்பட்டது. இடைத்தேர்தலில் ஜெயித்து வந்த விஜய்பாண்டியை டீக்கடையில் கேலி செய்தார்கள். "ஏலே, ஜெயிச்சது நீயி, பேசுறது அவுகளா?" என்றார்கள். "அவுக சொல்லட்டும், நான் செய்யிறேன். இதுல என்ன கொறஞ்சுபோச்சு?" என்றான் அவன். அந்த ஒரு பதிலுக்காகவே ஓட்டுப் போடாதவர்களுக்கும் அவனைப் பிடித்துப்போனது.

பேகத்தின் கணவர் நூர் முகம்மது மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அவர் ஐந்தரைக்கே எழுந்து, முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நிற்பார். வண்டி அவர் வீட்டுக்கு முன்னால் வரும்போது மகாலட்சுமி தானாகவே வேகத்தைக் குறைப்பாள். பேகம் நாய்களுக்கு ஊசி போடும் நாள் சொல்வார், வாய்க்கால் தூர் வாருவது சொல்வார், வீட்டு வரிக்குக் கடைசித் தேதி சொல்வார். நூர் முகம்மது தன் பெயர் வருமா என்று காத்திருப்பார். சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை. மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா என்று ஒரு வார்த்தை. வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பிய பிறகும் நின்றுகொண்டிருப்பார். துபாயில் இருக்கும் மகன் அப்சல் தினமும் கூப்பிடுவான். செல்போனில் அந்தக் குரல் பதிவாகாது, சக்கரச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அதனால் தகப்பன் சொல்லித்தான் மகன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"அத்தா, அம்மா இன்னைக்கு என்ன சொன்னாக?"

"ஏழாவது தெருவுல சாக்கட அடைப்பு எடுத்தாச்சாம்ப்பா."

"வேற?"

"ரேசன் கடை ஓடு மாத்தப் போறாகளாம்."

"நல்லதுத்தா" என்று சொல்லி அவன் வைத்துவிடுவான்.

பங்குனியில் பெரியாற்றுத் தண்ணீர் குறைந்தது. நான்கு நாளைக்கு ஒருமுறை குழாய் வந்தது. மேட்டுத்தெரு ஓடைக்கரையில் தொடங்கிக் கரட்டடியில் ஏறி முடியும் தெரு, அதன் கடைசி வீட்டுக்கு மட்டும் இரண்டு வருடமாகவே ஒரு சொட்டும் ஏறவில்லை. அங்கே திராட்சைத் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகும் மூக்கம்மாள் தனியாக இருந்தார். ஒரு காலை பேகம் அறிவித்தார்: "மேட்டுத்தெரு கடைசி வீட்டுக்குத் தண்ணி ஏறல. வேப்பமரத்து வீட்டுல குழாயில மோட்டார் வச்சு உறிஞ்சிக்கிட்டிருந்தாக, இன்னைக்குக் கழட்டிட்டாக, அவுகளுக்கு நன்றி." வேப்பமரத்து வீட்டுக்காரர் அப்போது மோட்டாரைக் கழற்றியிருக்கவில்லை. நன்றி முதலில் வந்துவிட்டது, பத்து மணிக்குள் அவரே கழற்றினார். அடுத்த நாள் இன்னொரு வீடு, அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஏழு நாளில் ஏழு வீடுகளுக்கு நன்றி வந்தது, ஏழு மோட்டார்கள் இறங்கின. வெட்கப்பட வேண்டியவர்கள், "எனக்குப் பேகம் நன்றி சொன்னாக, கேட்டீயா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். ஒருவரைத் திருத்த இதைவிட மென்மையான வழியை இந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த ஏழு மோட்டார்களையும் மாட்டிக் கொடுத்தவர் நூர் முகம்மது. எட்டாவது அதே தெருவின் கீழ்ப்பாதியில் இருந்த அவர் வீட்டிலேயே, குளியலறைக் குழியில் பலகைக்கல்லுக்கு அடியில் இருந்தது. பேகம் மன்றக் கூட்டத்துக்குப் போகும் நேரமாகப் பார்த்து மாட்டியது, அவர் வெளியே போகும் நேரமாகப் பார்த்து ஓடவிட்டது. எட்டாவது நாள் நூர் முகம்மது வெள்ளைச் சட்டையோடு, வியர்த்துப்போய் வாசலில் நின்றார். பயம் ஒரு பக்கம், எப்படியும் இன்று தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வந்துவிடும் என்ற ஆசை ஒரு பக்கம். பேகம் சொன்னது இவ்வளவுதான்: "மேட்டுத்தெரு கடைசி வீட்டுக்குத் தண்ணி இன்னும் ஏறல." அதன் பிறகு கொசு மருந்துக்குப் போய்விட்டார். திருடிய ஏழு பேருக்கும் கிடைத்த நன்றி தனக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைத்து அவர் அன்று பட்டறையைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாளும் அதே வரி வந்தது. பத்தாம் நாளும் வந்தது. பேரூராட்சி ஃபிட்டர் தெருவை மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்துக் கசிவு இல்லை என்று மூடினார். விஜய்பாண்டி பட்டறைக்கு வந்து, "மாமா, ஒங்களுக்குத் தெரியாத லைனா? ஏழு மோட்டாரும் எறங்கியாச்சு, தண்ணி எங்கன போகுதுன்னு வெளங்கல. ஒரு எட்டு வந்து பாருங்க" என்று கேட்டான். "பாக்குறேன் மாப்ளே" என்றார் நூர் முகம்மது. பார்க்கவில்லை. மோட்டாரைக் கழற்ற அரை மணி நேரம்கூட ஆகாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் தினமும் காலையில் அறிவிப்பின் முதல் வரி அவரைப் பற்றியதாக இருந்தது. ஊரில் அது வேறு யாருக்கும் தெரியாது. ஆயிரம் பேருக்கு நடுவில் பேகம் தன்னிடம் மட்டும் பேசும் ஒரே வாக்கியம் அது. கழற்றிவிட்டால் அதுவும் நின்றுபோகும். மனிதர் பாவத்தைப் பிடித்துக்கொள்வதற்கு ஆசை, சோம்பல், ஆணவம் என்று பல காரணங்கள் உண்டு. பிரிவின் காரணமாகவும் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு நூர் முகம்மதுவின் அந்த நாட்களே சாட்சி.

பத்தொன்பதாம் நாள் ஓடைக்கரைப் பொதுக்குழாய்ப் பக்கமாக அவர் போனபோது, மூக்கம்மாள் இரண்டு குடத்தோடு நின்றார். நூர் முகம்மது முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். மூக்கம்மாள் விடவில்லை.

"ஒங்க வீட்டம்மா தெனமும் மொத வரியில எனக்காகக் கேக்குறாகய்யா. செத்தும் என்னைய மறக்கல பாருங்க. தண்ணி வந்தா வருது, வராட்டிப் போகுது, இது போதும் எனக்கு."

நூர் முகம்மது குனிந்து அவர் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினார்.

"இங்கன என் பின்னாடிதான் வந்து நிப்பாக, கவுன்சிலரம்மான்னு ஒருநாளும் முன்னாடி போனதில்ல. வீட்டுல குழாய் வச்சுக்கிட்டு ஏந்தாயி இங்கன வந்து சீரழியுறன்னு கேப்பேன். 'எங்க வீட்டுக் குழாயில வர்றது ஒங்க தண்ணி அக்கா, இங்கன வந்து என் தண்ணிய நான் எடுத்துக்கிறேன்'னு சிரிச்சுக்கிட்டே சொல்வாக. எனக்கு இன்னும் அது வெளங்கலய்யா."

நூர் முகம்மதுவுக்கு விளங்கியது. பேகம் பொதுக்குழாயில் குடம் பிடிப்பதைப் பார்த்து, "ஓட்டுக்கு வேசம் போடுறியா?" என்று அவர் பலமுறை சிரித்திருக்கிறார். பேகம் பதில் சொன்னதில்லை. தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பேகம் குடித்ததே இல்லை என்பதும், சமையலுக்கும் தொழுகைக்கு முன் ஒளு செய்யவும் இந்தக் குடத்துத் தண்ணீரையே வைத்திருந்தார் என்பதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பேகத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உயிரோடு இருந்தபோது ஊருக்குச் சொல்லாததை இறந்த பிறகும் சொல்லாமல் காக்கிறார். நன்றி சொன்னால் வீட்டின் பெயரைச் சொல்ல வேண்டும் அல்லவா.

வீரபாண்டித் திருவிழாவின்போது செவ்வாய்க்கிழமை குழாய் முறை வந்தது. மேட்டுத்தெருவின் மேல்பாதி தீச்சட்டி எடுக்க வீரபாண்டிக்குப் போயிருந்தது, மூக்கம்மாளும் போயிருந்தார். கீழ்ப்பாதி கம்பம் ஊரில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தது. மகாலட்சுமியும் அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்ததால் அன்று வண்டி கிடையாது, அறிவிப்பும் கிடையாது. நூர் முகம்மது அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தார். பத்து மணிக்கு மோட்டாரைக் கழற்றி, தேங்காய் உடைப்பது போல் சம்மட்டியால் உடைத்தார். பிறகு பைப் ரென்ச்சும் கம்பியும் எடுத்துக்கொண்டு, வெயிலில் காலியான தெருவில் கரட்டடி வரைக்கும் ஏறினார். இரண்டு வருடமாகத் தண்ணீர் காணாத குழாயில் மண்ணும் துருவும் அடைத்திருந்தன. முழங்காலில் உட்கார்ந்து கம்பியால் குத்திக் குத்தி எடுத்தார், தேய்ந்த திருகை மாற்றிப் புதியதை மாட்டினார். பதினொன்றேகாலுக்குக் குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்தது, பிறகு நூலாக, பிறகு விரல் தடிமனாகத் தெளிந்து வந்தது. தெருவில் ஒரு குரலும் இல்லை. தன் பெயர் எங்கிருந்தாவது கேட்கிறதா என்று அவர் ஒருமுறை காது கொடுத்தார், பிறகு தண்ணீரையே பார்த்தார்.

வாசலில் கவிழ்த்து வைத்திருந்த குடங்களைக் கழுவி ஒவ்வொன்றாக நிரப்பினார். தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார். தூசி விழாமல் தட்டுகளால் மூடி, குழாயைச் சொட்டாமல் இறுக்கி அடைத்தார். இறங்கும்போதுதான் மூக்கம்மாளின் சிமெண்ட் வாசலில் தன் ஈரக் காலடிகள் வரிசையாகப் பதிந்திருப்பதைக் கண்டார். சித்திரை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கடைசிக் காலடி காய்ந்து மறையும் வரை எதிர்ச்சுவர் ஓரமாக நின்றிருந்துவிட்டு, நூர் முகம்மது வீட்டுக்குப் போனார்.