ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காத பத்து நிமிடம்

1

என் ஓரகத்தியைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போன மாதம் ஒரு புத்தக வெளியீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர், "இப்ப என்ன எழுதிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். "கார் என்ஜின்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்குல்ல, அதை வீட்லயே ரீசெட் பண்றதைப் பத்தி" என்றேன். அவர் முகத்தை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கே எழுதிவிடுவதென்று முடிவுசெய்தேன்.

ஓரகத்தி என்ற சொல்லைப் பார்த்ததும் நீங்கள் ஒரு சண்டைக்குத் தயாராகியிருப்பீர்கள். [சண்டை இல்லை. பதினோரு வருடத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் மொட்டைமாடித் துணிக்கொடி விஷயமாக.] என் கணவரின் அண்ணன் மனைவி. கீழ்த்தளத்தில் அவர்கள், மேல்தளத்தில் நாங்கள். நான் அவரை அக்கா என்பேன். என் முதல் புத்தகம் வந்த நாளிலிருந்து அவர் என்னை எழுத்தாளரம்மா என்கிறார். அதில் பாதி கேலி. மீதிப் பாதி என்னவென்று நான் கேட்டதில்லை.

அக்கா கண் வங்கியில் வேலை பார்க்கிறார். யாராவது இறந்து, அந்த வீட்டார் போன் செய்து சொன்னால், பெட்டியோடு போய்க் கண்களை எடுத்து வருவது அவர் வேலை. உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். இந்தக் கதைக்குத் தேவையான மருத்துவம் இவ்வளவுதான்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

"மழை வரும்போல இருந்த ஒரு காலையில், அந்தச் சிவப்பு நிறக் கார்—"

வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில். கார் சாம்பல் நிறம்.

இரண்டாவது முயற்சி:

"இயந்திரங்களுக்கும் நினைவு உண்டு என்பதை மனிதன் முதன்முதலில் எப்போது—"

இது கட்டுரை. அக்கா படித்தால் இரண்டாவது வரியில் அடுப்பை அணைக்கப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார்.

மூன்றாவது முயற்சி:

காலை பத்தேகாலுக்குக் கீழ் வீட்டில் போன் அடித்தது.

இதுவே இருக்கட்டும்.

பேசியது ஒரு பெண். ஊருக்கு வெளியே, காரில் போனால் ஒரு மணி பத்து நிமிடம் ஆகும் இடம். அவருடைய கணவர் காலை ஏழு நாற்பதுக்கு இறந்துபோயிருந்தார். லாரி ஓட்டுநர். [என் முதல் வரைவில் அவரை அச்சகத்தில் பிழை திருத்துபவராக ஆக்கியிருந்தேன். கண்கள், எழுத்துகள், பொருத்தமாக இருக்குமே என்று. படித்துவிட்டு அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "லாரி." மாற்றிவிட்டேன்.] டாக்டர் வந்து போன பிறகு, லைசென்ஸ் இருந்த பையைத் திறந்தபோதுதான் கண்தான அட்டை அந்த அம்மாவின் கையில் அகப்பட்டிருக்கிறது.

கீழே வந்த நான் அக்கா பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"ஃபேனை நிறுத்திடுங்கம்மா. தலைக்குக் கீழ ரெண்டு தலையணை வைங்க. இமையை மூடி, மேல ஈரப் பஞ்சு வைங்க. போதும். நான் கிளம்பிட்டேன்."

எதிர்முனையில் அந்த அம்மா சொன்னது எனக்கும் கேட்டது.

"சீக்கிரம் வந்துடுங்க. சொன்ன நேரத்துக்குச் சரக்கு போய்ச் சேரலைன்னா அவருக்குப் பிடிக்காது."

கெடு, பிற்பகல் ஒன்று நாற்பது.

3

கிளம்பிட்டேன் என்றவர் தெருமுனையைத் தாண்டவில்லை.

கண் வங்கியின் வேன் எதிர்த்திசையில் வேறொரு வீட்டுக்குப் போயிருந்தது. ஆகவே அக்கா சொந்தக் காரை எடுத்தார். முந்தின நாள்தான் மெக்கானிக் அதைச் சரிபார்த்துக் கொடுத்திருந்தார். என்ஜினுக்குக் காற்றுப் போகும் வழியில் படிந்திருந்த கரியை எல்லாம் துடைத்துச் சுத்தமாக்கியிருந்தார். அதிலிருந்துதான் வினை. காரை ஸ்டார்ட் செய்தால் உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது, பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. தெருமுனைக்குள் மூன்று தடவை நின்றது. நானும் எதிர்வீட்டு இஸ்திரிக்காரரும் பின்னால் நின்று தள்ள, அக்கா ஸ்டியரிங்கைத் திருப்ப, கார் வீட்டுக்கே திரும்பி வந்தது.

டாக்சி பிடிக்கலாமே என்கிறீர்கள். போனில் பிடிக்கப் பார்த்தோம். முதல் ஆளுக்கு அவ்வளவு தூரம் வர மனமில்லை. இரண்டாவது ஆள் வருகிறேன் என்றார். திரும்பும்போது பெட்டியில் என்ன இருக்கும் என்று அக்கா மறைக்காமல் சொன்னதும் போனை வைத்துவிட்டார். "சொல்லாம இருந்திருக்கலாமே அக்கா" என்றேன். "அவர் வண்டி. அவருக்குத் தெரியணும்" என்றார்.

பிறகு மெக்கானிக்குக்குப் போன் செய்தார். பட்டறைக்கு அன்று விடுமுறை. அவர் வெளியூரில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"நீங்க வண்டில கை வைக்காதீங்கம்மா. கரி இருந்தப்ப என்ஜின் கம்ப்யூட்டர் அதுக்கேத்த மாதிரி காத்தைக் கூட்டிக் கொடுத்துப் பழகிடுச்சு. இப்ப கரி இல்ல, ஆனா அதுக்கு அது தெரியாது. நாளைக்கு வந்து மிஷினை மாட்டி அழிச்சு விட்டுடறேன்."

"நாளைக்குப் பிரயோஜனம் இல்லங்க. பேட்டரியைக் கழட்டினா மறந்துடுமா?"



"இந்த மாடல்ல மறக்கும். ஆனா உங்களுக்கு எதுக்குங்க அந்த வேலை?"

"எவ்ளோ நேரம் கழட்டி வைக்கணும்?"

"பதினஞ்சு நிமிஷம். மைனஸ் மட்டும். ஆனா அம்மா..."

"அப்புறம்?"

அந்த மனிதர் விட்டுக்கொடுத்தார். "மாட்டிட்டு, சாவியை ஒரு தடவை திருப்பி அரை நிமிஷம் சும்மா இருங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் அப்படியே ஓட விடுங்க. ஏசி, லைட்டு, ரேடியோ ஒண்ணும் போடக் கூடாது. ஆக்ஸிலரேட்டர்ல கால் படவே கூடாது. முதல்ல திணறும், பயப்படாதீங்க. அதுவா கத்துக்கும். நடுவுல மிதிச்சீங்கன்னா போச்சு, மறுபடி முதல்ல இருந்து."

அப்போது மணி பத்து ஐம்பத்தெட்டு.

4

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் வேகத்தைக் கூட்டுவார். என்னால் முடியவில்லை. ஏனென்றால் நடந்தது அதற்கு நேர் எதிர். ஒவ்வொரு நிமிடமும் ஓடிக்கொண்டிருக்கும்போது, நகராமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பதென்று அக்கா தீர்மானித்தார். பலிக்காவிட்டால் அந்த அரைமணியும் போய்விடும். அதைப் பற்றி அவர் என்னோடு விவாதிக்கவில்லை. புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தார்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர் தையல் மிஷின் டிராயரில் இருந்தது. மைனஸ் முனையின் நட்டு துருவேறி இறுகியிருந்தது. முதல் திருப்பில் ஸ்பேனர் வழுக்கி விரல் கணுவில் தோல் உரிந்தது. உதறிவிட்டு மறுபடி பிடித்தார். ஓர் இமையைக்கூட நோகாமல் திறக்கத் தெரிந்த கை அது. அந்தக் கை அன்று முழங்கை வரை கிரீஸாகி, நட்டைத் திருப்பி, ஒயரைத் தூக்கி, அது திரும்ப முனையில் பட்டுவிடாதபடி ஒரு பழைய துண்டால் சுற்றி ஓரமாக ஒதுக்கியது. [நான் செய்த உதவி: துண்டு.]

அந்தப் பதினைந்து நிமிடத்தில் அக்கா முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். பெட்டியைத் திறந்து கருவிகளைச் சரிபார்த்தார். ஐஸ் மாற்றினார். என்னிடம், "நீயும் வா. வழியில போன் வந்தா எடுக்க ஆள் வேணும்" என்றார். நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "உட்காரு எழுத்தாளரம்மா, தலை சுத்துது" என்றார்.

5

இந்தப் பகுதியை மூன்று வரைவுகளில் பொய்யாக எழுதினேன்.

முதல் வரைவில்: "ஆறாவது நிமிடத்தில் என்ஜின் தானாகவே—"

இரண்டாவதில்: "எங்கிருந்தோ வந்த ஒரு பூனை—"

மூன்றாவதில் பகுதியே இல்லை.

உண்மை இது. பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் அக்காதான் ஸ்டியரிங் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது அந்த அம்மாவிடமிருந்து மறுபடி போன். என்ஜின் சத்தம் இல்லாமல் வீட்டுக்குள் போய்ப் பேச வேண்டியிருந்தது. "நீ கொஞ்சம் உட்காரு. எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் ஏறி உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும். என்ஜின் சட்டென்று தணிந்தது. கார் முழுக்க உதறியது. அணையப் போகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட சரியில்லை. என் கால் நினைத்தது. மிதித்துவிட்டேன்.

என்ஜின் உறுமிய சத்தத்தில் அக்கா வெளியே வந்து பார்த்தார். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "மிதிச்சிட்டேன்" என்றேன். மணி பதினொன்று இருபத்தைந்து.

பதினோரு வருடத்துக்கும் சேர்த்துத் திட்ட அவருக்கு நல்ல சந்தர்ப்பம். நானாக இருந்தால் திட்டியிருப்பேன், பிறகு அதை ஒரு கதையாகவும் எழுதியிருப்பேன். அக்கா சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சரி, முதல்ல இருந்து. இந்தத் தடவை நீ கழட்டு. நான் கையைக் கழுவிட்டேன்."

(அடிக்குறிப்பு போல ஒன்று: என் கதாபாத்திரங்கள் கோபப்படாமல் இருந்தால் விமர்சகர்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள். அக்காவை நம்புங்கள். நான் அங்கே இருந்தேன்.)

நான் கழற்றினேன். பதினைந்து நிமிடம். மாட்டினேன். அக்கா சாவியைத் திருப்பி அரை நிமிடம் காத்திருந்து ஸ்டார்ட் செய்தார். கால் இரண்டையும் மடக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆறாவது நிமிடம் கார் அதேபோல உதறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அணையவில்லை. ஏறியது, இறங்கியது, ஏறியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரே நிலைக்கு வந்து நின்றது. பத்தாவது நிமிடத்தில் என்ஜின் ஓடுகிறதா என்று நான் பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஏறு" என்றார் அக்கா. கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் தன் முகத்தைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். நான் கவனித்தேன்.

6

வழியில் ஏழு சிக்னல். ஏழிலும் கார் நின்றது, என்ஜின் நிற்கவில்லை.

ஒன்று ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முப்பத்தைந்து நிமிடம் மிச்சம். அந்த அறைக்குள் அக்கா மட்டும் போனார். நான் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். [அறைக்குள் நடந்ததை எழுதலாமா என்று கேட்டதற்கு அக்கா, "அது அவங்க வீடு" என்றார். எழுதவில்லை.]

அரைமணி நேரத்தில் வெளியே வந்தார். அந்த அம்மா வாசல் வரை கூடவே வந்தார். அழுது ஓய்ந்த முகம். நேரத்துக்கு முடிந்ததா என்று மட்டும் கேட்டார். முடிந்தது என்றார் அக்கா.

"வண்டி ஏதோ தொந்தரவுன்னு போன்ல சொன்னீங்களே?"

"ஆமாம்மா. சரி பண்ணிட்டேன்."

"நீங்களேவா?"

"நானேதான்."

அக்கா காரை ஸ்டார்ட் செய்தார். அந்த அம்மா உள்ளே போகவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, நின்ற இடத்திலேயே ஓடும் என்ஜினின் சத்தத்தைக் கேட்டார். முப்பது வருடம் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தத்தைக் கேட்ட காது.

"ஐடிலிங் சீரா இருக்கு" என்றார். "அவரு இருந்திருந்தா கேட்டுட்டுத் தலையாட்டியிருப்பாரு."

அக்கா தெரு திரும்பியதும் காரை ஓரமாக நிறுத்தி, ஒரு நிமிடம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கேட்டியா, சீரா இருக்குன்னாங்க" என்றார்.

7

முடிவுகள்.

முதல் முடிவில் நாங்கள் ஐந்து நிமிடம் தாமதமாகப் போகிறோம். என் கால்தான் காரணம். இலக்கியமாக இருக்கும். நடக்கவில்லை.

இரண்டாவது முடிவில், பல மாதம் கழித்து ஒரு பெண் பேருந்தில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து அவரை உற்றுப் பார்க்கிறாள். யாருடைய கண்கள் என்று நாம் ஊகித்து— எனக்கே கூச்சமாக இருக்கிறது. கண் வங்கியில் அதை யாருக்கும் சொல்லமாட்டார்கள். எடுத்தவருக்கும் தெரியாது, கொடுத்த வீட்டுக்கும் தெரியாது. இரண்டு பேருக்குப் பொருத்தியாயிற்று என்று மட்டும் ஒரு கடிதம் வரும். அந்த அம்மாவுக்கு வந்தது.

மூன்றாவது முடிவு இல்லாததால் கைப்பிரதியை அக்காவிடமே கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே முழுவதும் படித்தார். அடுப்பை அணைக்கப் போகவில்லை.

"கண்ணைப் பத்தி நிறைய எழுதியிருக்க. அது என் வேலை, மாசாமாசம் பண்றது. காரைத்தான் நான் புதுசா கத்துக்கிட்டுச் சரி பண்ணினேன். அதை இன்னும் கொஞ்சம் நல்லா எழுது."

"எழுதறேன் அக்கா. எப்படி முடிக்கிறது?"

"அந்த ரெண்டு பேரும் இந்நேரம் எங்கயோ எதையோ பார்த்துட்டு இருப்பாங்க. நமக்கு என்ன தெரியும்? விட்டுடு."

விட்டுவிட்டேன். அவர்கள் யார், இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றுவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதையும் எழுதலாம். அக்காவைக் குறைத்து மட்டும் எழுதிவிடாதீர்கள்.