மூன்றாம் மாடி எகனாமிக்ஸ்

அந்தக் கல்லூரியில் விஜயலக்ஷ்மிக்கு முதன்முதலில் குமட்டியது வெற்றிலை எச்சிலைப் பார்த்துத்தான். மாடிப்படி திரும்பும் மூலைகளில் எல்லாம் இடுப்பு உயரத்துக்குச் சிவப்பாக வழிந்து காய்ந்திருக்கும். எல்லாம் படித்தவர்கள் துப்பியது. காலை நம்பி ஏறுகிறவர்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டியவர்கள் கையை எங்கே வைப்பது என்று அவளைத் தவிர யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசிக்கச் சொல்லித்தான் அவளுக்குச் சம்பளம். ஊனமுற்ற மாணவர்களைக் கவனிக்கத் தனியாக ஒரு பிரிவு வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்ததும், ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த விஜயலக்ஷ்மியை எழுப்பி, "இனிமேல் நீங்கள்தான் அந்தப் பிரிவு" என்று சொல்லிவிட்டார்கள். பிரிவுக்கு அறையும் கொடுத்தார்கள். இரண்டாம் மாடியில். அதாவது, மாடி ஏற முடியாதவர்கள் இரண்டு மாடி ஏறி வந்து, தங்களால் மாடி ஏற முடியவில்லை என்று மனு கொடுக்கவேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் வைஸ் பிரின்சிபல் வேங்கடசுப்ரமணியன். அவர் எகனாமிக்ஸ் ப்ரொபசரும்கூட. சிரிக்காமல்தான் செய்தார்.

அவள் அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் மேஜையைப் போட்டுக்கொண்டாள். மனு வரட்டும் என்று அங்கேயும் உட்கார்ந்திருக்கவில்லை. ஜூன் மாதம் அட்மிஷன் வரிசை மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது, குடையோடு வரிசை ஓரமாக நடப்பாள். சுவரில் சாய்ந்தே நிற்கிறவன், போர்டில் எழுதியிருப்பதை அடுத்தவனிடம் கேட்கிறவன், பெயரைக் கூப்பிட்டும் திரும்பாதவன் என்று ஒவ்வொருவரிடமும் தானே போய்ப் பேசுவாள். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் முதல் பெஞ்சில் இடம் பிடித்து வைப்பாள். வகுப்பு தொடங்கும் முன்பே எல்லாம் தயாராக இருக்கவேண்டும் என்பது அவள் கட்சி. கேட்டு வாங்குவது பிச்சை மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள்.

பூமாரியை அப்படித்தான் கண்டுபிடித்தாள். தாராவிப் பெண். அப்பா தங்கசாமிக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. மூன்று வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. அக்குளில் ஒரு மரக்கட்டை. முகத்தில் மழைத்தண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தவளிடம் விஜயலக்ஷ்மி குடையை நீட்டினாள்.

"எந்த சப்ஜெக்ட் எடுக்கப்போறே?"

"எகனாமிக்ஸ், மேடம்."

"அது மூணாம் மாடியாச்சே."

"தெரியும் மேடம். ஏறிப் பாத்துட்டுத்தான் வாரேன். சேந்த பெறவு முடியலைன்னா நல்லாவா இருக்கும்?"

விஜயலக்ஷ்மிக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

பூமாரியால் ஏற முடிந்தது உண்மைதான். நேரத்தோடு ஏறத்தான் முடியவில்லை. இங்கிலீஷ் வகுப்பு கீழ்த்தளத்தில். அது முடிந்து மணி அடித்தவுடனே எகனாமிக்ஸ், மூன்றாம் மாடியில். கட்டையை ஊன்றி, ஒரு கையால் சுவரைப் பிடித்து அவள் மேலே போய்ச் சேரும்போது வேங்கடசுப்ரமணியன் கதவைச் சாத்திப் பெயர் கூப்பிடத் தொடங்கியிருப்பார். சாத்திய கதவை அவர் யாருக்காகவும் திறப்பதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை. வெள்ளைக்காரன் காலத்து ஒழுங்கு என்று சொல்லிக்கொள்வார். முக்கால்வாசி வகுப்புக்காவது வராதவர்களுக்கு டேர்ம் கிடையாது. டேர்ம் இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது. ஆகஸ்ட் வருவதற்குள் பூமாரியின் பெயருக்கு எதிரே ஆப்சென்ட்தான் அதிகம். அத்தனை நாளும் அவள் கதவுக்கு வெளியே நின்றபடி பாடம் கேட்டிருந்தாள்.

விஜயலக்ஷ்மி வைஸ் பிரின்சிபலின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த ஒரு கிளாஸைக் கீழே கொண்டுவந்துட்டாப் போறும். கீழே மூணாம் நம்பர் ரூம் பூட்டியேதானே கிடக்கு?"

"அது டிரஸ்டிகள் வந்தா உட்கார்ற ரூம்."

"வருஷத்துக்கு ரெண்டு தடவை வரா, சார்."

"வந்தா எங்கே உட்கார வைக்கறது? உங்க மடியிலயா?" அவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். "ஒரு பொண்ணுக்காக நாப்பது பேர் கீழே இறங்கி வரணுமா?"

"அவா எப்படியும் சாயங்காலம் இறங்கித்தானே ஆகணும்?"

"இன்னிக்கு இவளுக்கு இறக்கினா, நாளைக்குக் கண்ணில்லாதவன் வருவான், காது கேக்காதவன் வருவான். காலேஜா, ஆஸ்பத்திரியா? உங்களைக் கவனிக்கச் சொன்னா நீங்க பிடிச்சுண்டு வரேளே!"

சொல்லிவிட்டுப் பொடியை உறிஞ்சித் தும்மினார். கைக்குட்டையில் மூக்கைத் துடைத்து, துடைத்ததை ஒருமுறை பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விஜயலக்ஷ்மி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனாலும் அவள் விடவில்லை. தினமும் போய் நின்றாள். கடைசியில் ஒரு நாள் அவரே கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

"உங்க காரியம் பலிச்சுடுத்து. நம்ம டிரஸ்டி சேட் ஊனமுற்றவாளுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசைப்படறார். ஒரு சக்கர நாற்காலி தரார்."

"பூமாரி நடக்கறா, சார். படியில சக்கர நாற்காலியை வச்சுண்டு என்ன பண்றது?"

"முழுக்கக் கேளுங்கோ. ஒரு ஃபங்ஷன். அந்தப் பொண்ணு நாற்காலியில உட்கார்ந்து ஒரு போட்டோ. மறுநாள் மூணாம் நம்பர் ரூம் உங்களுது. சேட்டே சரின்னுட்டார்."

விஜயலக்ஷ்மிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் உட்காரப்போகிறவள் தான் இல்லையே, முடியாது என்று சொல்ல. கீழே போய்ப் பூமாரியிடம் இருந்ததை இருந்தபடி சொன்னாள்.

பூமாரி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "ஒரு போட்டோதான, மேடம்? உக்காந்துட்டுப் போறேன். கிளாஸ் கீழ வந்தாச் சரி" என்றாள்.

ஃபங்ஷனுக்கு மேடை, ஜமக்காளம், மைக் எல்லாம் வந்தன. சக்கர நாற்காலிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. புது வண்டிக்குச் செய்கிறமாதிரி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவேண்டும் என்பது வேங்கடசுப்ரமணியனின் யோசனை. சேட் தானே தள்ளி நசுக்கினார். கைதட்டினார்கள். பூமாரி இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளை உட்காரவைத்ததும் யாரோ ஒருவர் கட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

போட்டோ எடுக்கிறவன் காமிராவுக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இந்தியில் என்னமோ சொன்னான். வைஸ் பிரின்சிபல் குனிந்து பூமாரியிடம் தமிழில் சொன்னார்.

"அந்த நல்ல காலைக் கொஞ்சம் புடவைக்குள்ளே மடக்கி வச்சுக்கோம்மா. ரெண்டும் தெரிஞ்சா எடுப்பா இல்லையாம்."

பூமாரி நிமிர்ந்து விஜயலக்ஷ்மியைப் பார்த்தாள். பிறகு காலை மடக்கிக்கொண்டாள். சேட் அவள் தலைமேல் கையை வைத்தார். பார்வை மட்டும் காமிராமேல் இருந்தது. பல்பு பளீரென்று வெடித்தது. திருப்தி இல்லை என்று இன்னொரு தடவை வைத்தார். தெருவில் நாயைத் தடவுகிறவன்கூட நாயைப் பார்த்துத்தான் தடவுவான் என்று விஜயலக்ஷ்மி நினைத்தாள்.

எல்லாம் முடிந்ததும் எல்லோரும் பட்டாட்டா வடாவுக்கும் டீக்கும் போய்விட்டார்கள். பூமாரி மட்டும் மாலை போட்ட நாற்காலியில், காலி மேடையில் உட்கார்ந்திருந்தாள். அவளால் எழுந்திருக்க முடியாது, கட்டை இல்லை. விஜயலக்ஷ்மி தேடித் தேடி, திரைக்குப் பின்னால் துடைப்பங்களோடு சாத்தி வைத்திருந்ததைக் கண்டுபிடித்து எடுத்து வந்தாள். அந்தப் பக்கம் சட்னி நன்றாக இருக்கிறது என்று யாரோ பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை மூன்றாம் நம்பர் அறையின் பூட்டுத் திறந்திருந்தது. விஜயலக்ஷ்மி ஆசையோடு எட்டிப் பார்த்தாள். நடு அறையில் சக்கர நாற்காலி. சுற்றிலும் சிவப்புக் கயிறு. மேலே சேட்டின் பெயர் எழுதிய பலகையை ப்யூன் ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டிவிட்டு அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் நேரே வைஸ் பிரின்சிபலிடம் போனாள்.

"வாக்குக் குடுத்தேளே, சார்."

"சேட் எப்ப வேணும்னாலும் வருவார். வந்தா நாற்காலி கண்ணுல படணும். வராந்தாவுல போட்டா திருடிண்டு போயிடுவான்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆனா நான் வாக்குக் குடுத்ததைவிட ஜாஸ்தியாவே பண்ணியிருக்கேன், தெரியுமோ? அந்தப் பொண்ணுக்கு டேர்ம் பூராவும் பிரசென்ட் போடச் சொல்லிப் பிரின்சிபல்கிட்ட பேசிட்டேன். இனிமே அவ படியே ஏற வேண்டாம். காலேஜுக்கே வர வேண்டாம். ஆத்துலயே படிச்சுட்டுப் பரீட்சைக்கு வந்தாப் போறும். வருஷா வருஷம் ஃபங்ஷனுக்கு மட்டும் தவறாம வரணும். இதுக்கு மேல மனுஷன் என்ன செய்ய முடியும்?"

நன்றியை எதிர்பார்த்து அவர் காத்திருந்தார். விஜயலக்ஷ்மிக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. அந்த மனிதருக்குத் தான் செய்தது அயோக்கியத்தனம் என்றே தெரியவில்லை. புண்ணியம் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாகப் பட்டது.

விஷயம் பரவிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் வேங்கடசுப்ரமணியனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். தங்கசாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து அவர் காலில் விழுந்துவிட்டுப் போனார். போகும்போது விஜயலக்ஷ்மியின் மேஜைக்கும் வந்தார்.

"புள்ளை இனி கஷ்டப்பட வேண்டாம்னுட்டாகம்மா. நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டார்.

அவள் தலையை ஆட்டினாள்.

பூமாரி மட்டும் சந்தோஷப்படவில்லை. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கேட்டதையே திருப்பிக் கேட்டாள்.

"அப்ப நான் வரவே வேண்டாங்காகளா, மேடம்?"

"வராமலே பிரசென்டாம்."

"எங்க கோலி ஒத்தை ரூமு, எட்டுப் பேரு. அதுல எங்க படிக்க? பாடத்தைக் கேக்கணும்னுதான இங்கன வாரேன். எனக்குப் பிரசென்ட் போடாட்டாலும் பரவாயில்ல, உள்ள விட்டாப் போதும்னு இருந்தேன். இப்ப உள்ளயும் விடாம, நான் வந்தேன்னு எழுதிக்கிடுதாகளே!"

மணி அடித்தது. இங்கிலீஷ் வகுப்பு முடிந்து எல்லோரும் திமுதிமுவென்று படியேறினார்கள். பூமாரி கட்டையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே போறே?"

"கிளாஸுக்கு."

விஜயலக்ஷ்மி தடுக்கவில்லை. கூடவே ஏறினாள். முந்திக்கொண்டு போகாமல் ஒரு படி பின்னால் வந்தாள். பூமாரி கையை வைக்கிற இடத்திலெல்லாம் தானும் கையை வைத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது, பிசுபிசுத்தது. மூன்றாம் மாடிக்கு வந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பெயர் கூப்பிடுவது கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் "பிரசென்ட், சார்" என்றது.

"பூமாரி தங்கசாமி" என்றார் வேங்கடசுப்ரமணியன். கொஞ்சம் நிறுத்தி, அவரே "பிரசென்ட்!" என்று சொல்லிக்கொண்டார். உள்ளே பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

பூமாரி கட்டையால் கதவைத் தள்ளினாள். கதவு திறந்து சுவரில் மோதியது.

"ஆப்சென்ட், சார்."

சிரிப்பு நின்றது. அவர் பேனாவோடு திரும்பினார்.

"என்ன?"

"நான் உள்ள இல்ல, சார். வெளியதான் நிக்கேன். ஆப்சென்ட் போடுங்க."

அவர் முகம் கறுத்தது. பூமாரியை விட்டுவிட்டு விஜயலக்ஷ்மியைப் பார்த்தார்.

"இது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"இல்லை, சார். எனக்குத் தோணலை. தோணியிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேன்."

"டேர்ம் போயிடும், பொண்ணே. ஒரு வருஷம் போயிடும். புரிஞ்சுண்டுதான் பேசறியா?"

"புரியுது, சார்." பூமாரி கட்டையை வாசலில் ஊன்றிக்கொண்டாள். "கிளாஸைக் கீழ வையுங்க. அன்னைக்கு நானே வந்து பிரசென்ட் சொல்லுதேன்."

நாற்பது பேர் நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது எழுந்திருப்பார்களா என்று விஜயலக்ஷ்மி பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"எழுதுங்கோ, சார்," என்றாள். "அவ சொல்றபடி எழுதுங்கோ."

அவர் எழுதியதை அடித்து, மாற்றி எழுதினார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் தலையைத் தூக்காமலே "பிரசென்ட், சார்" என்றான்.