நான்காம் நிமிடத்து மணி

டச்சுக் கடலோர மாகாணமான ஸேலாந்தில், எங்கள் நீர்வாரியக் கூட்டத்தில் பொதுமக்களில் யார் பேசினாலும் ஐந்து நிமிடம்தான். நேரம் முடிந்ததும் மேசை மணியை அடிப்பது எழுத்தரான என் வேலை. மந்திரியே வந்தாலும் அடிப்பேன் என்று பெருமையடித்துக்கொள்வேன்.

அன்று ஒரே தீர்மானம்: எங்கள் ஊர்க் கடலணையை இந்த ஆண்டே உயர்த்துவதா, பத்தாண்டு தள்ளிப்போடுவதா. அணைக்கடியில் நாற்பது வீடுகள். அதில் ஒன்று யாகோமினாவுடையது. இருபத்தாறு வருடமாக இங்கே கடல்மட்டத்தை அளப்பவள் அவள்தான்.

முதலில் பேசியவர் யோரிஸ் ஹூக்லாண்ட். தொலைக்காட்சித் தொடரில் கப்பல் தலைவராக நடிப்பவர்.

"நான் இங்க பொறந்தவன். கடல் ஏறும், இறங்கும். பயமுறுத்துறது விஞ்ஞானிங்க பொழப்பு."

"கேப்டனே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்றது பின்வரிசை.

ஐந்து நிமிடம் ஆயிற்று. என் கை மணிக்குப் போனது. "என்ன மாலுமி, அதுக்குள்ள நங்கூரமா?" என்றார் அவர். கூடமே சிரித்தது. நானும் சிரித்துக் கையை எடுத்துக்கொண்டேன். பதினெட்டு நிமிடம் பேசினார்.

பிறகு யாகோமினா. வரைபடங்களைப் பொறுமையாக விளக்கினாள். வாரியத் தலைவர் என்னைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டினார். நான் மணியை அடித்தேன். தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டு வாக்கு வித்தியாசத்தில் அணை தள்ளிப்போனது.

வெளியே யாகோமினா சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுல பத்து தடவ படிச்சுப் பாத்தேன் லாரென்ஸ். நாலு நிமிஷம் அம்பது செகண்ட். நீ நாலுலயே அடிச்சுட்ட."

"தலைவர்தான்..."

"தலைவர நான் நம்பல. ஒன்ன நம்பித்தான் முக்கியமான எண்ணக் கடைசில வச்சேன்."

ஞாயிறன்று தேவாலயத்தில், பிரசங்கம் தொடங்கும்முன், எங்கள் வரிசையில் வழக்கம்போல் பெப்பர்மிண்ட் மிட்டாய் கைமாறியது. இந்த முறை யாகோமினா எனக்குத் தரமாட்டாள் என்று நினைத்தேன். தந்தாள், முகத்தைப் பார்க்காமல். அதை வாயில் போட எனக்கு மனம் வரவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கூட்டக் குறிப்பில் எழுதினேன்: 'ஹூக்லாண்ட், பதினெட்டு நிமிடம். யாகோமினா, நான்கு நிமிடம். மணியை முன்னதாக அடித்தது எழுத்தரின் தவறு. யாகோமினாவை மறுபடி பேச அழைக்க வேண்டும்.' தலைவர் அதை நீக்கினாலும் நீக்கலாம். அதற்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டு, குறிப்பேட்டோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

"அந்தக் கடைசி எண் என்ன?"

"இருபத்தாறு வருஷத்துல ஒம்பது சென்டிமீட்டர். அதுல பாதி ஏறுனது கடைசி எட்டு வருஷத்துல."

வாசலில் நின்றபடியே சொன்னாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை கதவைச் சாத்தாமல் நின்றாள்.