மற்றதெல்லாம் சரி

அண்ணன் பத்ரிநாத்தைக் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான் ஜெயந்த். விஷ்ராந்த்வாடி ஃப்ளாட்டில் குழாய் நூலாகத்தான் வரும். குடம் நிறைவதற்குள், கம்பெனியில் கூட வேலை பார்த்த கிறிஸ்டோபர் லேப்டாப்போடு வந்து நின்றான்.

"சார், நம்ம ஆளுங்க நாலா பக்கமிருந்தும் துக்கம் விசாரிக்கிறாங்க. உருவாக்கினவங்க பட்டியல்ல பத்ரி சார் பேருக்குக் கீழ ஒரு வரி போடலாம்னு பார்த்தா, பேரையே காணோம்."



பதினெட்டு வருஷம் முன்பு இதே ஹாலில் அண்ணனும் தம்பியும் தொடங்கியது 'அங்கண்'. ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் ஓடும் டெஸ்க்டாப். யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். முக்கால்வாசி எழுதியது அண்ணன். ஆறு வருஷம் முன்பு முதலீடு செய்யப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றதும், எல்லாம் தன் மூளை என்று காட்டிக்கொள்ள ஆசை வந்துவிட்டது தம்பிக்கு. இருநூறு வரித் திருத்தத்துக்கு நடுவே அண்ணன் பெயரை அழித்தான். வந்தவர்கள் சமோசா சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். பெயரை அவன் திரும்பச் சேர்க்கவில்லை.

"யார் எடுத்தாங்கன்னு திருத்தங்களோட ஹிஸ்டரில இருக்கும்," என்றான் கிறிஸ்டோபர்.

"தேடாதே. நான்தான்."

கிறிஸ்டோபர் அதற்குள் திறந்துவிட்டிருந்தான். திரையை ஜெயந்த் பக்கம் திருப்பினான்.

அங்கணில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்தால்தான் உள்ளே சேரும். பெயரை அழித்த அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் தந்தவர் பத்ரிநாத். கீழே அண்ணன் தம்பிக்குள் எழுதிக்கொள்ளும் தமிழில் ஒரு குறிப்பு: "நூத்தித் தொண்ணூறாவது வரில தேதி தப்பு. மற்றதெல்லாம் சரி."

அன்று தேதியை மாற்றியது ஜெயந்துக்கு நினைவிருந்தது. அண்ணா சரியாகப் படிக்கவில்லை, தப்பித்தோம் என்று சிரித்துக்கொண்டதும்கூட. அழித்த பெயர் நூற்றுப்பத்தாவது வரியில் இருந்தது. அதைத் தாண்டித்தான் அண்ணா தேதிக்கு வந்திருக்கிறார். ஆறு வருஷம் அதே மேஜையில் எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். வெட்கத்தில் ஜெயந்துக்குக் காது சுட்டது.

"பேரைச் சேர்த்துட்டேன் சார்," என்றான் கிறிஸ்டோபர். "ஒப்புதல் தரணும். அதுக்கு இனிமே நீங்க ஒருத்தர்தான்."

"ஜெயந்த், தண்ணி ஆச்சா? வாத்தியார் காத்துண்டிருக்கார்!" உள்ளேயிருந்து மன்னி சரசாவின் குரல்.

குடம் வழிந்துகொண்டிருந்தது. லேப்டாப்பைத் தொடுமுன் கையை வேட்டியில் துடைத்தான். தலைக்குக் குளித்துக் கட்டிய வேட்டி, அதுவும் ஈரம். மறுபடி துடைத்தான்.