முதல் உரிமை வலயத்துக்கு

பள்ளத்து ஓடையில் தண்ணீர் நூல் பிடித்தாற்போல் வடிந்துகொண்டிருந்தது. பாறை இடுக்கில் யாரோ செருகி வைத்த வாழை மட்டையின் நுனியிலிருந்து அது கேனுக்குள் விழுந்தது. ஒரு கேன் நிரம்புவதற்குள் ஒரு சண்டை தொடங்கி முடிந்துவிடும். வரிசையில் வைத்த கேன்களின் மேலேயே பெண்கள் குந்தியிருந்தார்கள். வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஊதிவிட்டால் நிரம்பியதோ இல்லையோ தூக்கிக்கொண்டு மேலே ஓட வேண்டும்; பிந்திப் போனால் அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். மேலே முட்டைக்கோவாத் தோட்டத்தில் நேற்று பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். கேனுக்குள் விழுந்த தண்ணீரில் அரிசி கழுவியது போல ஒரு வெள்ளை ஓடியது.

"ஏன் பிரேமிளா, ஒனக்கு எதுக்குடி வரிச?" என்றாள் திரேசா. "நீதான் போர்டுல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறியே. போர்டுக்காரிக்குத் தண்ணி பவுசர்ல கொண்டாந்து ஊத்த மாட்டாங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். பிரேமிளா மட்டையைச் சரி செய்வது போலக் குனிந்தாள்.

"ஊத்துவாங்க, ஊத்துவாங்க. கேட்டுல காவலுக்கு நிக்கிறது ஒம்மகன் றொசான்தானே? அவங்கிட்டச் சொல்லி எனக்கு ஒரு வாளி வாங்கிக் குடேன்."

"அவனா? உத்தியோகம் முடிஞ்சு வந்து நான் தூக்கிட்டு வர்ற தண்ணியிலதான் மூஞ்சி கழுவுறான் தொர!"

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை பிரேமிளாவும் சிரித்தாள். ஆனால் திரேசா குத்தியது குத்தியதுதான். ஆறு மாதமாக எந்த வாய் திறந்தாலும் இந்தக் குத்து வருகிறது. வராமல் என்ன செய்யும்? வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லாரையும் கிளப்பிக் கொண்டுபோய்ப் பைப் தூக்க வைத்தவள் அவள்தான்.

அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு பீலி இருந்தது. மலை உச்சிக் காட்டுக்குள் ஊறும் ஊற்று, குழாய் வழியாக வந்து அந்தப் பீலியில் இரவும் பகலும் கொட்டும். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். ஊற்றுக்குப் போகும் பாதையில் யாரும் செருப்போடு ஏறியதில்லை. காட்டில் விறகு பொறுக்கப் போனவர்கள்கூட ஊற்றுக்கு மேலே காலைக் கழுவியதில்லை. போன வருசம் ஜீப்பில் நாலு பேர் வந்து சின்னச் சின்னப் போத்தல்களில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது விவேகானந்தன் என்ற இன்ஜினியர் ஐயா, "இந்தப் பக்கத்தில இவ்வளவு சுத்தமான தண்ணி வேற எங்கயும் இல்லை" என்றார். லயம் முழுக்க அதைப் பரீட்சை பாஸான பிள்ளையைப் போலக் கொண்டாடியது. காம்பராவுக்குக் காம்பரா, ஒரு வீடு விடாமல் பைப் வருகிறது என்று கணக்கப்பிள்ளை சொன்னார். தெல்தோட்டைப் பக்கமே கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன சங்கதி அது.

ஞாயிற்றுக்கிழமை கூலியில்லாமல் எல்லாரும் கூடி உழைக்கும் சிரமதானம் வைத்தார்கள். கறுப்புப் பைப்புகளை ஆண்களும் பெண்களும் தோளில் ஏற்றி, தப்பு அடித்துக்கொண்டு, மலை உச்சி வரை தூக்கினார்கள். ஊற்றில் பொங்கல் வைத்தார்கள். வந்த ஐயாமாருக்கு வாழை இலையில் முதல் பொங்கல் போனது. பிரேமிளா பைப்பைத் தோளில் வைத்தபடி சிரித்ததை ஒருவன் படம் பிடித்தான்.

பைப் மலையிலிருந்து இறங்கி வந்தது. லயத்துக்குப் பின்னால் வளையும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வளையவில்லை. நேரே கீழே போய், பழைய தேயிலை ஸ்டோர் இருந்த வளவுக்குள் எழுப்பிய வெள்ளைக் கட்டடத்துக்குள் நுழைந்தது. பீலி காய்ந்தது. அந்த வாசலில்தான் போர்டு நின்றது: மாகாணப் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி வலயம், மக்களின் பங்களிப்போடு. எழுத்துக்குப் பக்கத்தில் பைப்பும் தோளுமாகப் பிரேமிளா.

"அப்பிடி என்னதான்டி செய்றாங்க தண்ணிய?" என்றாள் வரிசையில் ஒருத்தி.

"கரண்ட்டக் குடுத்து ஒடைக்கிறாங்களாம். ஒடைச்சா கேஸ் வருமாம். அதுல பஸ் ஓடுமாம், தேத்தூள் காயுமாம்."

"தண்ணிய ஒடைக்கிறானுங்களா? பொங்கலும் வெச்சுக் குடுத்தமே, நம்ம மண்டைய ஒடைக்கணும்!" என்றாள் திரேசா.

ஊதல் கேட்டது. முக்கால் கேனோடு பிரேமிளா மேலே ஏறினாள். இது போதாது என்று அவளுக்குத் தெரியும். மகள் லதுஷா பேராதனை ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காயம் ஆறும் வரைக்கும் சுத்தமான தண்ணீர்தான் பாவிக்க வேண்டும், அழுக்குப் பட்டால் சீழ் வைக்கும் என்று நர்ஸ் அம்மா இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தாள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். துணி அலச வேண்டும். மருந்து வாடை அடிக்கும் இந்தத் தண்ணீரிலா?

பகல் சாப்பாட்டு நேரத்தில் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அவள் இன்ஜினியர் ஐயாவைப் பார்க்க வலயத்துக் கந்தோருக்குப் போனாள். விவேகானந்தன் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். நல்ல மனிதர். யாழ்ப்பாணத்துக்காரர். யாரோடும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

"இருங்கோ அம்மா. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"தேத்தண்ணி வேணாங்கய்யா. தண்ணிதான் வேணும். பீலிக்கு ஒரு சின்னப் பைப்பு. நாளைக்கு எம்மக பச்சப் புள்ளையோட வர்றா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் பிளானில லயத்துக்கு ஒரு கிளை இருந்தது. நான்தான் பென்சிலால கீறினனான். உங்களுக்குப் பொய் சொல்லேல்லை. பிறகு மாகாணக் கொள்கை வந்திட்டுது. தண்ணியில முதல் உரிமை வலயத்துக்கு எண்டு அதில இருக்கு. மெசினுக்குக் குறைஞ்சால் கொம்பனி நட்டஈடு கேக்கும். ஆனபடியால் அந்தக் கிளையை வெட்டிப் போட்டினம்."

"மெசினுக்கு மிஞ்சினது?"

"கோடையில மிஞ்சாது."

"இப்ப மழைதானேங்க பெய்யுது."

அவர் மேசையைப் பார்த்தார். "லயத்துக் குடிதண்ணி வேற அமைச்சு அம்மா. நான் மின்சாரப் பக்கம்."

"எங்கள யாரு கேட்டா? நாங்க சம்மதிச்சமா?"

"மக்கள் பங்களிப்பு எண்ட இடத்தில உங்கட சிரமதானத்தைத்தான் போட்டிருக்கினம்."

பிரேமிளாவுக்குத் தோள் எரிந்தது. பைப் அழுத்திய தழும்பு எப்போதோ ஆறிவிட்டது, ஆனாலும் எரிந்தது. "தூக்குனவ கழுத்துலயே சுருக்கப் போட்டுட்டீங்க" என்றாள்.

விவேகானந்தன் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குத் திறப்பு விழா. வாசலில கும்பம் பிடிக்க உங்களைத்தான் கேக்கினம், போர்டில இருக்கிற ஆள் எண்டு. வாங்கோ. பிரதம விருந்தினரிட்ட நேரடியாச் சொல்லிப் பாருங்கோ. அவர் ஓம் எண்டு தலையாட்டினால் போதும், நான் பின்னேரமே அரை இஞ்ச் பைப் இழுத்துத் தருவன்."

"மெய்யாவா?"

"ஓம். என்ர பொறுப்பு."

மறுநாள் காலையில் பச்சைக் கரை போட்ட சேலை ஒன்றைக் கொடுத்தார்கள். வலயத்துக் குழாயில் பிடித்த தண்ணீரைச் செம்பில் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்துக் கையில் தந்தார்கள். செம்பு கனத்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த ஊற்றுத் தண்ணீர் அவள் கைக்கு வந்திருந்தது. விளிம்பில் தளும்பியதை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதே குளிர்ச்சி. சிங்களத்தில் சொல்ல வேண்டியதை விடியலிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

வாகனங்கள் வரிசையாக வந்து நின்றன. பிரதம விருந்தினர் வெள்ளை உடையோடு இறங்கிக் கும்பத்தை வணங்கினார்.

"சேர், லயமட்ட வத்துர நே" என்றாள் பிரேமிளா. லயத்துக்குத் தண்ணீர் இல்லை. மகள் பச்சைப் பிள்ளையோடு இன்றைக்கு வருகிறாள், ஒரு சின்னப் பைப் போதும் என்று மிச்சத்தையும் தவறாமல் சிங்களத்தில் சொல்லி முடித்தாள்.

அவர் அவளுடைய தோளில் கை வைத்தார். "ஹரி, ஹரி" என்றார், சரி சரி என்று. கமராக்காரர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். பிறகு விவேகானந்தனிடம் குனிந்து ஏதோ சொன்னார். விவேகானந்தன் தலையாட்டினார். கூட்டம் உள்ளே நகர்ந்தது.

பிரேமிளா அவருக்குப் பின்னால் எட்டி நடந்தாள். "ஐயா, என்ன சொன்னாரு? ஓம்னாரா?"

விவேகானந்தன் நிற்காமலே சொன்னார். "சீலை வடிவா இருக்குதாம். வாசலில நிக்கிற எல்லாருக்கும் அதே மாதிரி எடுத்திருக்கலாமாம்."

அவள் அப்படியே நின்றாள்.

முற்றத்தில் புது பஸ் ஒன்று நின்றது. கண்டி நகரத்துக்கு ஓடப்போகிற பஸ். உடம்பு முழுக்கப் பச்சை இலை வரைந்திருந்தது. மைக் பிடித்தவன் மூன்று பாசையிலும் சொன்னான்: இதில் புகை வராது, தண்ணீர்தான் வரும், குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம், அவ்வளவு சுத்தம். பஸ்ஸின் பின்குழாயிலிருந்து சொட்டியதை ஒருவன் கண்ணாடிக் குவளையில் பிடிக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் வாசலுக்கு வெளியே ரோட்டில் தெல்தோட்டை ரஸீனுடைய திரீவீலர் நிற்பதைப் பிரேமிளா கண்டாள். லயத்துக்குப் போகும் ரோடு வலயத்தின் வாசலைத் தாண்டித்தான் போகிறது. பொலிஸ்காரன் குறுக்கே கையை நீட்டி நின்றான். திரீவீலரின் ரெக்சின் திரை விலகியிருந்தது. உள்ளே லதுஷா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். மடியில் துவாயில் சுற்றிய பிள்ளை கத்தியது.

பிரேமிளா கம்பி வேலிக்கு ஓடினாள். "என்னா ரஸீன், ஏன் நிப்பாட்டிட்டே?"

"எனக்கிட்ட கோவிச்சு என்ன செய்ய அக்கா? பெரிய ஆக்கள் போற வரைக்கும் ரோட்ட மூடிட்டானுவள். பச்சப் புள்ள ஈக்கிது, ஒப்பரேசன் செஞ்ச புள்ள ஈக்கிது எண்டு செல்லிப் பாத்தேன். கேக்கிறானில்ல."

"அம்மா" என்றாள் லதுஷா. உதடு வெடித்திருந்தது. "புள்ள வழி முழுக்க வெளிய போயிட்டான். கழுவக்கூடத் தண்ணியில்லம்மா. எனக்கும் நாக்கு வறண்டு தவிக்குது. ஊட்ல தண்ணி இருக்கா?"

பிரேமிளா செம்பிலிருந்த தேங்காயை எடுத்து வேலியோரம் வைத்தாள். மாவிலைகளைப் பிடுங்கிப் போட்டாள். செம்பை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். தளும்பாமல் நடக்கத் தெரிந்த நடை.

வாசலில் றொசான் நின்றான். சட்டைக் காலர் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அவனுக்குப் பின்னால் காவல் கூண்டுக்குள் மேற்பார்வைக்காரன் இருந்தான்.

"எங்க போறீங்க அத்த?"

"பாத்தாத் தெரியல? லதுஷா வந்திருக்கா. வழிய வுடு."

"செம்பு கொம்பனியோடது."

"செம்ப இந்தா, இப்பத் திருப்பித் தர்றேன். தண்ணிய மட்டும் அவகிட்ட ஊத்திட்டு வர்றேன்."

"தண்ணியும் வெளிய போகக் கூடாது அத்த. உள்ளேருந்து ஒரு போத்தல் போனாலும் எங்கிட்டத்தான் கேப்பாங்க."

"யாரு தண்ணிடா அது? நீ பொறந்தப்ப ஒன்னக் குளிப்பாட்டுன தண்ணிடா."

றொசானின் கண் கூண்டுப் பக்கம் போனது. மேற்பார்வைக்காரன் எழுந்து வாசற்படிக்கு வந்திருந்தான். "மொகத கரன்னே?" என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் சத்தம் போட்டான்.

"அத்த, குடுங்க" என்றான் றொசான். "வேல போயிரும் அத்த. அம்மா பேருல கடன் நிக்குது. குடுத்துருங்க."

அவள் கொடுக்கவில்லை. அவன் செம்பின் கழுத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் இழுக்கவில்லை, பிடித்தபடி நின்றார்கள். அந்தக் கையில் அவள் எத்தனையோ தரம் ரொட்டி வைத்திருக்கிறாள். மேற்பார்வைக்காரன் படியிறங்கி வந்தான். பிரேமிளாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

றொசான் செம்பை வாங்கினான். அவள் முகத்தைப் பார்க்காமல், சாக்கடைக் காண் ஓரமாகக் குந்தி, தண்ணீரை அதற்குள் கவிழ்த்தான். மெதுவாகத்தான் கவிழ்த்தான். கடைசிச் சொட்டு வரை விழுந்த பிறகு செம்பைத் தட்டினான்.

வேலிக்கு வெளியே பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. முற்றத்தில் கைதட்டல் எழுந்தது. பிரதம விருந்தினர் குவளையில் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைப் புல்லில் ஊற்றினார். கமராக்காரன் ஒருவன் கையை ஆட்டினான். வெளிச்சம் சரியில்லையாம், படம் விழவில்லையாம். பஸ்ஸை மறுபடி முடுக்கினார்கள். பின்குழாய்க்கு அடியில் குவளையைப் பிடித்து, இன்னொரு தரம் நிரப்பினார்கள்.