அக்கா திருத்திய சோடியம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. அத்தான் கேட்டு வாங்கியது. அவரும் அக்காவும் ஒரே பள்ளியில் வேதியியல் ஆசிரியர்கள். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று அக்காவை ஆய்வு மாணவியாகச் சேர அழைத்திருந்தது. அவள் வகுப்பில் இருந்த நேரத்தில், ‘வர இயலாது’ என்று அவள் பெயரில் அத்தானே பதில் அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்ததும் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவள்தான், நாற்பது நாளாகிறது.

“நீ எழுதுறதை அவ படிப்பா மாப்ள. மனசு மாறி வர்ற மாதிரி ஏதாவது எழுது” என்றார் அத்தான். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘தனியாக இருக்கப் பயந்து சோடியம் மண்ணெண்ணெய்க்குள் ஒளிந்திருந்தது. அப்போது குளோரின்...’

[நிறுத்திவிட்டேன். குளோரின் விஷவாயு. அத்தான் கோபித்துக்கொள்வார்.]

இரண்டாவது: ‘சோடியம் தன் எலக்ட்ரான் ஒன்றை மனமுவந்து குளோரினுக்குக் கொடுத்து உப்பானது. உப்பில்லாமல் உலகம்...’

மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்புவதற்குள் அக்கா சிவப்புப் பேனாவால் திருத்தியிருந்தாள். பழக்கதோஷம். ‘மனமுவந்து’ அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘சோடியத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கவும் ஆற்றல் செலவாகும். சும்மா வராது.’

3

மூன்றாவதில் கொஞ்சம் மிரட்டிப் பார்த்தேன்: ‘பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளியாகும். அந்தச் சூட்டில் இருவருமே வெந்துபோவார்கள். ஆகவே...’

ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் செய்கிற தப்பு இது என்றாள் அக்கா. அணுக்கள் சேரும்போதுதான் ஆற்றல் வெளியாகுமாம்.

“உடைக்கத்தான்டா சக்தி வேணும். நாப்பது நாளா அதைத்தான் சேத்துக்கிட்டு இருக்கேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. யார் கேட்டு எழுதினேன் என்பதை ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. இருபதுக்கு ஏழு போட்டாள்.

4

முடிவுகள்:

அ) அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு அத்தானிடமே...

ஆ) பல்கலைக்கழகத்துக்குத் தன் கைப்படவே ஒரு கடிதம்...

[வெள்ளிக்கிழமைவரை அந்த இடம் காலியாக இருக்கும் என்று பல்கலைக்கழகத்தில் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னார்களாம். இன்று வியாழன்.]

அக்கா பக்கத்து அறையில் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருக்கிறாள். சிவப்பு மையில் கடிதம் எழுதக் கூடாதாம். என் நீலப் பேனாவை வாங்கிப் போயிருக்கிறாள். யாருக்குக் கடிதம் என்று நான் கேட்கவில்லை. இதைப் பென்சிலில் எழுதுகிறேன்.

கதை முடிந்ததா என்று அத்தான் மூன்று தடவை போனில் கூப்பிட்டுவிட்டார். முடிவைத் தெரிந்துகொள்ள உங்களுக்கும் அவசரம் இருக்கும். ஆனால் அவளுக்குப் பதிலாக ஒருவர் ஏற்கெனவே பதில் எழுதிவிட்டார். இரண்டாவது ஆளாக நான் இருக்க மாட்டேன். நீங்களும் இருக்காதீர்கள்.